பத்தாவது அத்தியாயத்தில் நின்றுபோகாத காதல் நாவல்: புதிதாக எழுத வருபவர்களுக்கு

தமிழில் காதல் நாவல் எழுதத் தொடங்குகிறவர்கள் ஏராளம். முடிப்பவர்கள் கொஞ்சம்தான். தொடர்கதைத் தளங்களில் எட்டு, பத்து அத்தியாயங்களோடு அந்தரத்தில் நிற்கும் கதைகளைப் பார்த்தாலே இது தெரியும். அவற்றை எழுதியவர்களுக்கு மொழி வராமல் இல்லை, கற்பனைக்கும் குறைவில்லை. பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: இந்த இருவரும் ஏன் உடனே சேர முடியாது என்ற கேள்விக்கு, எழுத உட்காரும்போது கையில் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவதிலிருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், எழுதப்போவது காதல் நாவல்தானா?

காதல் வருகிற கதையெல்லாம் காதல் நாவல் ஆகிவிடாது. மூன்று தலைமுறைக் கதையில் காதல் ஒரு கிளையாக வரலாம், அது குடும்ப நாவல். கொலை விசாரணைக்கு நடுவே இருவர் நெருங்கலாம், அது துப்பறியும் நாவல். காதல் நாவலில் அந்த இருவரின் உறவுதான் முதுகெலும்பு. அதை உருவிவிட்டால் கதையே மிஞ்சக் கூடாது. அடுத்தது முடிவு. வாசகர் நிறைவோடும் நம்பிக்கையோடும் கடைசிப் பக்கத்தைத் தாண்ட வேண்டும். நாயகன் இறந்துபோகிற கதை அருமையான கதையாக இருக்கலாம். ஆனால் காதல் நாவல் என்று நம்பி வந்தவர் ஏமாந்துபோவார், உங்கள் அடுத்த நாவல் பக்கம் தலைவைக்க மாட்டார்.

நீளத்துக்கு ஆங்கிலக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் சில காதல் நாவல் வரிசைகள் 50,000 சொற்கள் கேட்கும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். முதல் நாவலுக்கு 35,000 சொற்கள் போதும். 25 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,400 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் பக்கத்துக்கு 200 சொற்கள் என்றால் 175 பக்கம். ஒரு லட்சம் சொற்களில் பெரிய நாவலாக எழுதும் ஆசையை மூன்றாவது புத்தகத்துக்கு ஒத்திவையுங்கள்.

வகையையும் இப்போதே தேர்ந்தெடுங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல், மோதலில் தொடங்கும் காதல், பிரிந்தவர்கள் மறுபடி சந்திப்பது, அலுவலகக் காதல். நீங்கள் தேடித் தேடிப் படிப்பது எதுவோ அதுவே சரி. எந்த வகை அதிகம் ஓடுகிறது என்று பார்த்து, தனக்குப் பிடிக்காத ஆன்டி ஹீரோ (எதிர்மறைக் குணம் கொண்ட நாயகன்) கதையை எழுத உட்காருகிறவர்கள் பாதி வழியில் சலித்துப் போகிறார்கள்.

பென்சிலோடு படிப்பது

அந்த வகையில் உங்களுக்குப் பிடித்த மூன்று நாவல்களை மறுபடி எடுங்கள். இந்த முறை ஒரு தாளில் ஐந்து இடங்களைக் குறியுங்கள்: முதல் சந்திப்பு, விலகிப் போக முடியாமல் இருவரும் மாட்டிக்கொள்ளும் இடம், முதல் உண்மையான நெருக்கம், பெரிய பிரிவு, மனம் திறக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் எழுதி, மொத்தப் பக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிடித்த எழுத்தாளர்கள் எங்கே அவசரப்படுகிறார்கள், எங்கே நிதானிக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முடிச்சு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நாயகிக்கு என்ன வேண்டும், நாயகனுக்கு என்ன வேண்டும், அந்த இரண்டும் ஏன் ஒரே வீட்டில் இருக்க முடியாது? இந்த மூன்றுக்கும் தலா ஒரு வரியில் பதில் எழுதுங்கள். தடையில் இரண்டு வகை உண்டு. பணம், குடும்பப் பகை, வேலை, தூரம் எல்லாம் வெளித்தடை. பழைய காயம், பயம், தன்னைப் பற்றிய தவறான நம்பிக்கை எல்லாம் உள்தடை. வெளித்தடை மட்டும் இருக்கிற கதை நிகழ்ச்சிகளின் அடுக்காகிவிடும். உள்தடை மட்டும் இருந்தால் இருவரும் பக்கம் பக்கமாக யோசித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். கௌரிக்கும் பிரபுவுக்கும் வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம். மூன்றாவது வாரம் கௌரிக்கு 300 கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசுப் பள்ளியில் பணி நியமனம் வருகிறது. இது வெளித்தடை. கௌரியின் அம்மா கல்யாணத்துக்காக வேலையை விட்டவர். பிறகு சில்லறைச் செலவுக்கும் கணவன் கையை எதிர்பார்த்து நின்றவர். அதைப் பார்த்து வளர்ந்த கௌரிக்குச் சொந்தச் சம்பளம்தான் தைரியம். பிரபுவின் அப்பா 'இரண்டே வருஷம்' என்று சொல்லிவிட்டு வளைகுடாவுக்குப் போனவர், திரும்பவே இல்லை. ஊர் விட்டுப் போகிறவர்கள் வர மாட்டார்கள் என்பது பிரபுவுக்குள் ஊறிப்போன பயம். இனி, அவள் மேல் ஆசை வளர வளர பிரபு 'போகாதே' என்பான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல கௌரிக்கு அம்மாவின் முகம் கண்முன் வரும். காதல் கூடும்போதே முடிச்சும் இறுகுகிறது. 25 அத்தியாயத்தை இது தாங்கும்.

உங்கள் முடிச்சைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுமா? 'அவனோடு பார்த்த பெண் அவன் தங்கை' போன்ற குழப்பங்கள் ஐந்து நிமிடத்தில் தீரும். அதை வைத்து இருபது அத்தியாயம் இழுத்தால், வாசகருக்கு நாயகி மேல்தான் எரிச்சல் வரும். கௌரியும் பிரபுவும் ஐந்து மணி நேரம் பேசினாலும் தீராது. பேசப் பேசச் சண்டைதான் பெரிதாகும்.

முடிச்சை அவிழ்ப்பதும் அந்த இருவர் கையில்தான் இருக்க வேண்டும். கௌரிக்கு உள்ளூருக்கே மாற்றல் ஆணை வந்தது என்று முடித்தால், கல்வித் துறை அவர்களைச் சேர்த்துவைத்ததாக ஆகிவிடும். பிரபு தன் பயத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதவி கேட்பது அடிமையாவது ஆகாது என்று கௌரி உணர வேண்டும். மாற்றல் அதற்குப் பிறகு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஒரு பக்கத் திட்டம்

25 அத்தியாயக் கணக்கில் சொல்கிறோம், உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்திலேயே, தவறினால் இரண்டாவதில், இருவரும் நேருக்கு நேர் வந்துவிட வேண்டும். நாயகியின் வீடு, தெரு, தோழிகள், காலைக் காப்பி என்று நான்கு அத்தியாயம் போன பிறகு நாயகன் வருவது புதியவர்கள் செய்கிற முதல் பிழை. ஆறாவதுக்குள் இருவரும் விலக முடியாத ஒரு நிலை வேண்டும்: ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே பொறுப்பு, ஏதாவது ஒன்று. 12, 13இல் உண்மையான நெருக்கம். அங்கிருந்து இழக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்பதால் பயம் கூடும். 19 வாக்கில் பிரிவு. 22, 23இல் இருவரும் தனித்தனியே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பிறகு சேர்வது. அதற்கு அரை அத்தியாயம் ஒதுக்கி அவசரமாக முடிக்காதீர்கள். வாசகர் இத்தனை நாள் காத்திருந்தது அதற்காகத்தான்.

பத்தாவது அத்தியாயத்தில் கதை நிற்பதன் காரணம் இந்தத் திட்டத்தைப் பார்த்தால் விளங்கும். அறிமுகங்கள் முடிந்துவிட்டன, நெருக்கத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இருவரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கக் காரணம் இல்லை. அப்போதுதான் விபத்து, கடத்தல், நினைவிழப்பு, திடீர் அத்தை மகள் எல்லாம் உள்ளே வருகிறார்கள். வில்லனைத் தேடும் முன் ஆறாவது அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். கட்டு அங்கே தளர்ந்திருக்கும்.

காட்சி

கௌரியைப் பேருந்து ஏற்றிவிடும் காட்சி. புதியவர் கை இப்படி எழுதும்:

பிரபுவைப் பிரிவதை நினைத்துக் கௌரியின் இதயம் கனத்தது. கண்களில் கண்ணீர் பெருகியது. அவனும் உள்ளுக்குள் உடைந்துபோனான்.

அதையே இப்படி எழுதலாம்:

பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜிப்பை இழுத்துப் பார்த்தான் பிரபு. ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாகிவிட்டது.
"தண்ணி பாட்டில்?"
"இருக்கு."
"சார்ஜர்?"
"எல்லாம் இருக்குங்க. பஸ்ஸை எடுக்கப் போறாங்க, இறங்குங்க."
இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்வான் என்று கௌரி காத்திருந்தாள். சொல்லவில்லை.

அப்பாவிடம் 'போனதும் போன் பண்ணுங்க' என்று சொல்லி அனுப்பிய சிறுவனை முந்தைய அத்தியாயங்களில் காட்டியிருந்தால், இந்தக் கடைசிச் சொல் வாசகரைத் தைத்துவிடும். கண்ணீர் என்ற சொல்லே தேவைப்படாது. இந்தக் காட்சி முழுக்கக் கௌரியின் கண் வழியே போகிறது என்பதையும் கவனியுங்கள். நடுவில் 'இவள் திரும்ப வருவாளா என்று பிரபு நடுங்கினான்' என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். ஒரு காட்சிக்கு ஒருவர் மனம். மற்றவர் மனதுக்குள் போக வேண்டுமானால் காட்சியை முடித்துவிட்டு, இடைவெளி விட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள்.

உரையாடல்

கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருப்பது வழக்கம். எப்படி வைத்தாலும் கடைசி வரை மாறக் கூடாது. 'வந்துட்டேன்' என்று பேசிய நாயகி அடுத்த பக்கத்தில் 'வந்துவிட்டேன்' என்றால் வேறு ஆள் பேசுவதுபோல் இருக்கும். வட்டார வழக்கு பழகியவர்களுக்கே வசப்படும். தெரியாத வட்டாரத்தின் பேச்சை நான்கு சினிமா வசனத்தை நம்பி எழுத வேண்டாம்.

காதல் எழுதுகிறவருக்குத் தமிழ் தந்திருக்கும் பெரிய வசதி 'நீங்க', 'நீ' என்கிற வேறுபாடு. 'நீங்க' என்றே பேசிக்கொண்டிருந்தவள் கோபத்தில் ஒரு முறை 'நீ' என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறாள். இதற்கு இணையான காட்சியை மூன்று பக்க வர்ணனையாலும் கொண்டுவர முடியாது. அந்த மாற்றம் எந்த அத்தியாயத்தில், யார் வாயிலிருந்து முதலில் வரும் என்று திட்டத்திலேயே குறித்துவையுங்கள். முதல் சந்திப்பிலேயே 'டா', 'டி' போட்டுவிட்டால் பின்னால் செலவழிக்க எதுவும் மிச்சமிருக்காது.

பெயர்களில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஆதித்யா, ஆதவன், ஆதிரை என்று ஒரே எழுத்தில் மூன்று பேர் இருந்தால் வேகமாகப் படிக்கிறவர் குழம்புவார். முக்கியமான ஆட்கள் ஒவ்வொருவருக்கும் வேறு முதலெழுத்து வையுங்கள்.

அடிப்பது, மிரட்டுவது, விருப்பமில்லாமல் தொடுவது ஆகியவற்றைக் காதலின் ஆழம் என்று காட்டாதீர்கள். இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை. முரட்டு நாயகனை எழுதலாம். அவன் செய்த தவறுக்குக் கதைக்குள் அவன் விலை கொடுக்க வேண்டும், நாயகிக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் இடம் இருக்க வேண்டும். நெருக்கமான காட்சிகளில் வருகிறவர்கள் 18 வயது நிரம்பியவர்களாக இருப்பதிலும் விதிவிலக்கு கிடையாது.

எழுதும் நாட்கள்

நாளுக்கு 500 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள். 35,000 சொற்கள் 14 வாரத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 3,000 என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு விசேஷம் வந்தால் இரண்டு வாரம் போய்விடுகிறது. அன்றைக்கு எழுதி முடிக்கும்போது அடுத்த காட்சியின் முதல் வரியையும் எழுதிவைத்துவிட்டு எழுந்தால், மறுநாள் தொடங்குவது சுலபம்.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னொரு கருவியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், பிறகு வேகம் நன்றாகக் கூடும். பேசி எழுதவைக்கும் வசதி முதல் வரைவுக்கு நல்லது. ஆனால் ர/ற, ல/ள/ழ பிழைகளும் நிறுத்தக்குறி இல்லாத வாக்கியங்களும் மலையாகக் குவியும், திருத்த நேரம் ஒதுக்க வேண்டும். தளத்தின் பெட்டியில் நேரடியாக எழுதாதீர்கள். உங்கள் கோப்பில் எழுதி, ஒரு நகலை இணையச் சேமிப்பில் வைத்துவிட்டுப் பதிவேற்றுங்கள். தேதியோடு இருக்கும் வரைவுகள், யாராவது கதையைத் திருடினால் உங்களுக்குச் சாட்சி.

தொடராகப் போடுவதா?

பிரதிலிபி போன்ற தளங்களிலோ எழுத்தாளர்களின் சொந்தத் தளங்களிலோ யூடி (புது அத்தியாயம்) போட்டுத்தான் இன்று பெரும்பாலோர் வாசகர்களைப் பெறுகிறார்கள். அது நல்ல வழிதான், கையில் இருப்பு இருந்தால். குறைந்தது 12 அத்தியாயங்கள் எழுதி முடித்த பிறகு முதல் அத்தியாயத்தைப் போடுங்கள். வாரம் இரண்டு, குறித்த கிழமையில். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கட்டும். ஆனால் அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே புஸ்வாணமாகிற போலித் திருப்பங்கள் இரண்டு முறைக்கு மேல் செல்லாது.

கருத்துகளில் 'சீக்கிரம் சேர்த்துவைங்க' என்று கேட்பார்கள். கதை பிடித்திருக்கிறது என்று அதற்குப் பொருள். நன்றி சொல்லுங்கள், திட்டத்தைத் தொடாதீர்கள். பலர் ஒரே இடத்தில் 'புரியவில்லை' என்றால் மட்டும் அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.

திருத்தம்

முடித்ததும் இரண்டு வாரம் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு மூன்று சுற்று. முதல் சுற்றில் கதை மட்டும்: எந்த அத்தியாயத்தை நீக்கினாலும் கதை குலையாதோ அதை நீக்குங்கள். ஒரு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து நாள்களைச் சரிபாருங்கள். மார்கழியில் நடந்த கல்யாணமும் ஞாயிறன்று திறந்திருக்கும் பள்ளியும் இந்தச் சுற்றில்தான் பிடிபடும். இரண்டாவது சுற்றில் காட்சிகள். தொடருக்காக எழுதிய 'முன்கதை நினைவூட்டல்' வரிகளை நீக்குங்கள். புத்தகமாகப் படிக்கிறவருக்கு அவை பெரிய தொல்லை. மூன்றாவதில் மொழி. 'சட்டென்று', 'ஒரு நொடி', 'மெல்ல', 'புன்னகைத்தான்' ஆகியவற்றைத் தேடு வசதியில் போட்டு எண்ணிப் பாருங்கள், பாதியை வெட்டுங்கள். வாக்கியம் தோறும் தொங்கும் புள்ளிகளையும் அப்படியே.

பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'சூப்பர்' என்பார்கள், அதனால் பயனில்லை. 'எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள்.

வெளியீடு

அட்டைக்கு நடிகர், நடிகை படங்களை எடுத்துப் போடுவதும் அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடுவதும் தொடர் எழுதுகிறவர்களிடம் பரவலான பழக்கம். விற்பனைக்கு வரும் புத்தகத்தில் இரண்டும் கூடாது. படம் எடுத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் உரிமை உண்டு. உரிமம் உள்ள படத்தையோ வரைந்த அட்டையையோ பயன்படுத்துங்கள்.

அமேசானில் நாமே புத்தகம் வெளியிடும் சேவையான கேடிபி வழியாகத் தமிழ் மின்னூல் வெளியிடக் கட்டணம் இல்லை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணும் தேவையில்லை. புனைபெயரில் வெளியிடலாம். கணக்கும் வங்கி விவரமும் வரித் தகவலும் உண்மைப் பெயரில் இருக்க வேண்டும். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால், மின்னூலை அமேசானுக்கு மட்டும் தருகிற கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். செலக்டில் சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தின் வாசகர்கள் படித்த பக்கங்களுக்கும் பணம் வரும். ஆனால் 90 நாட்களுக்கு அந்தக் கதையின் மின் வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, 10 சதவீத மாதிரி மட்டும் போடலாம். நீங்கள் நிறுத்தாவிட்டால் 90 நாள் தானாகவே நீளும். தொடராகப் போட்ட கதையைத் தளத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டுச் செலக்டில் சேர்வதால்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. சேரும் முன்னால் பழைய இணைப்புகள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

அச்சுப் புத்தகத்தைத் தாமே வெளியிடுகிறவர்கள் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் விண்ணப்பித்து எண்ணை இலவசமாகப் பெறலாம். பதிப்பாளர் உங்களிடம் பணம் கேட்டால், அவர் செய்வது அச்சிட்டுக் கொடுக்கும் சேவை. அதுவும் ஒரு வழிதான், ஆனால் எத்தனை பிரதி, விற்காத பிரதி யாருக்கு, கடைகளுக்கு யார் கொண்டுபோவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதிப்பகமோ மாத நாவல் நிறுவனமோ ஒப்பந்தம் நீட்டினால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது உங்களிடமே திரும்பும். 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, 'அச்சு வடிவம் மட்டும், மூன்று ஆண்டுகள்' என்று கேளுங்கள். ஒலிப்புத்தகம், மின்னூல், திரை உரிமை ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு, தனித் தொகை. 'ஆசிரியரின் அடுத்த மூன்று நாவல்களும் எங்களுக்கே' என்ற பிரிவு பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அதையும் நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.